திரைப்பாடலும் இளைஞர் நடத்தையும்

திரைப்பாடல் இளைஞர்களின் நடத்தையை மாற்றுகிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள வாழ்க்கையைத்தான் எடுத்துக் காட்டுகிறதா என்பது தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியாகும். இது பட்டிமன்றத் தலைப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண்ணை ஓர் இளைஞன் பாட்டுப் பாடிப் பின்தொடர்ந்தால், தவறு பாட்டின் மேலா, பையனின் மேலா, அவனைக் கண்டிக்காத வீட்டின் மேலா என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அந்தப் பெண்ணின் படிப்பு தொடர்வதும் நிற்பதும் அமைகின்றன. ஆகவே இக்கேள்வியை நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

பாடல் புழங்கும் இடம்

சேலம் நகரின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற இப்பகுதியில் லீ பஜாரின் மொத்த வியாபாரக் கடைகளும், கொலுசு செய்யும் வெள்ளிப் பட்டறைகளும், மாரியம்மன் கோயிலும் உள்ளன. பட்டறையில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்பவருக்குப் பாட்டுத்தான் துணை. டவுன் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் பாட்டு ஒலிக்கிறது. ஆடித் திருவிழாவில் மைக் செட் கட்டினால் அம்மன் பாடலில் தொடங்கி, இரவு ஏற ஏறப் புதுப்படப் பாடலுக்கு மாறும். இங்கு வளரும் பிள்ளை தானாகத் தேடிக் கேட்கும் பாடலைவிட, தேடாமலே காதில் விழும் பாடல்தான் அதிகம்.

திரைப்பாடல் உருவான இடமும் இந்நகருக்கு அயலானதன்று. டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த நிறுவனம் அது. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் படங்களே. உழைப்பாளிகளின் வாழ்க்கையைத் திரைப்பாட்டில் எழுதிப் புகழ்பெற்ற பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இந்நிறுவனத்தின் ‘பாசவலை’ (1956) படத்துக்கும் பாடல் எழுதினார்.

இரு தரப்பு வாதங்கள்

பாடல் நடத்தையை மாற்றுகிறது என்போர் மூன்று காரணங்களைக் கூறுவர். முதலாவது, பாட்டு மனத்தில் எளிதாகப் பதியும். பாடத்தை மறக்கும் மாணவன் பாட்டை மறப்பதில்லை. இரண்டாவது, பாட்டைப் பாடுபவர் இளைஞர் விரும்பும் கதாநாயகர். அவர் செய்வது சரி என்ற எண்ணம் வரியோடு சேர்ந்தே வருகிறது. மூன்றாவது, ஒரே பாட்டு நூறு முறை காதில் விழுகிறது. முதல் முறை உறுத்திய சொல் நூறாவது முறை உறுத்துவதில்லை.

பாடல் வாழ்க்கையைத்தான் காட்டுகிறது என்போர், பாட்டு வருவதற்கு முன்பே குடியும் காதல் தோல்வியும் தெருச் சண்டையும் இருந்தன என்பர். கவிஞர் அவற்றைக் கண்டு எழுதுகிறார், அவ்வளவே என்பது இவர்களின் வாதம். மேலும், சோகமாக இருப்பவன் சோகப் பாட்டைத் தேடிக் கேட்கிறான். அவன் அதைக் கேட்பதைப் பார்த்து, பாட்டால்தான் சோகமானான் என்று கூறுவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவதாகும்.

இவ்விரு வாதங்களிலும் உண்மை உண்டு. இவற்றைத் தமிழ்நாட்டில் நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

வாழ்க்கையிலிருந்து வரும் பாட்டு

தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி ஆகியவை வாழ்க்கையிலிருந்து நேராகப் பிறந்தவை. வட சென்னையின் கானாவும் அவ்வகையைச் சேர்ந்ததே. சாவு வீட்டிலும் தெரு முனையிலும் உழைக்கும் மக்கள் பாடி வந்த அப்பாட்டைப் பின்னர் திரைப்படம் எடுத்துக்கொண்டது. 2021-இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலின் பின்னால், அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வரலாறு உள்ளது. குடும்பத்தின் நினைவே அங்குப் பாட்டாயிற்று.

‘ஒய் திஸ் கொலவெறி’ பாடலும் இங்குக் கருதத் தக்கது. ‘3’ என்னும் படத்துக்காக அனிருத் இசையமைத்து, தனுஷ் எழுதிப் பாடிய இப்பாடல் 2011 நவம்பரில் இணையத்தில் வெளியாகி உலகெங்கும் பரவியது. ‘கொலவெறி’ என்பது அதற்கு முன்பே இளைஞர்களின் கேலிப் பேச்சில் புழங்கிய சொல். பாடல் அதைத் தெருவிலிருந்து எடுத்து, பலமடங்கு உரக்கத் தெருவுக்கே திருப்பிக் கொடுத்தது. சொல் பரவியதே தவிர, அச்சொல் குறிக்கும் செயல் பரவவில்லை. கேட்டவர்கள் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொண்டனர். பாட்டில் உள்ளதையெல்லாம் இளைஞர் அப்படியே செய்வார்கள் என்ற அச்சம் மிகையானது என்பதற்கு இது ஒரு சான்று.

செயலுக்கு அழைக்கும் பாட்டு

பாட்டுக்கு வலிமையே இல்லை என்றும் கூற முடியாது. விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடைப் பாடல்கள் ஊர் ஊராகத் தேசிய உணர்வைக் கொண்டு சென்றன. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாடல்களை மேடையில் பாடிய எஸ். எஸ். விஸ்வநாததாஸ் அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940-இல் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கில அரசு 1876-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. நாடகமும் திரைப்படமும் பாட்டும் மக்களை எவ்வாறு அரசியலுக்கு அழைத்துவந்தன என்பதை சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

விடுதலைக்குப் பிறகும் இது தொடர்ந்தது. மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவன், 2015 அக்டோபர் இறுதியில் திருச்சியில் கைது செய்யப்பட்டார். அவர் மீது தேசத் துரோகப் பிரிவில் வழக்குப் பதிவாயிற்று. குடியைக் கொண்டாடும் பாட்டுகள் திரையரங்கில் தடையின்றி ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது.

கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மாசு குறித்து சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் 2015 ஜூலையில் இணையத்தில் வெளியாகிப் பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் அந்த ஆலை மூடப்பட்டது 2001-இல். அன்று முதலே தொழிலாளர்கள் போராடி வந்தனர். பாடல் அந்தப் போராட்டத்தை உருவாக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நடந்துவந்ததை இளைஞர்களின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்த்தது. விஸ்வநாததாஸ் காலத்துப் பாட்டுக்கும் இது பொருந்தும். ஊரில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த உணர்வையே அப்பாட்டு ஊதிவிட்டது.

பாட்டு மட்டும் போதாது

நல்ல பாட்டு தானாகவே நல்ல நடத்தையை உண்டாக்கும் என்றால், தமிழ்நாட்டில் குடி எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். தம் படங்களில் குடிப்பவராகவும் புகைப்பவராகவும் தோன்றுவதைத் தவிர்த்தவர். உழைப்பு, ஒழுக்கம், தாய்ப்பற்று ஆகியவற்றை அவர் படப் பாடல்கள் ஒரு தலைமுறைக்கே கற்பித்தன. அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவரை 1977-இல் முதலமைச்சராக்கினர். ஆனால் அவர் ஆட்சியில்தான் 1981-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனமும் தொடங்கப்பட்டது. பாட்டு ஒரு தலைவர் மீது பற்றை வளர்த்தது. குடிக்கும் பழக்கத்தைப் பாட்டால் மட்டும் மாற்ற முடியவில்லை. கூலி, கடன், கடையின் தொலைவு, கூட்டாளிகள் எனப் பல காரணங்கள் அப்பழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன.

கெட்ட பாட்டைத் தடுத்தால் போதும் என்ற எண்ணமும் முன்பே சோதிக்கப்பட்டதுதான். 1952-இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதைக் கட்டுப்படுத்தினார். கேட்பவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். அதன் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டு வீடுகளில் நிலையான இடம் பெற்றது. இறுதியில் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டு, அரசு வானொலியே திரைப்பாடலைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அன்றே தடுக்க இயலாததைக் கைப்பேசிக் காலத்தில் தடுப்பது இன்னும் கடினம்.

ஆய்வுகள் கூறுவது

உளவியல் ஆய்வுகள் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட விடையையே தருகின்றன. அமெரிக்காவில் கிரெய்க் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஐந்து சோதனைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். வன்முறை வரிகள் கொண்ட பாடலைக் கேட்டவர்களிடம் பகை உணர்வும் வன்முறை சார்ந்த எண்ணங்களும் கூடின. இது பாட்டு முடிந்த உடனே அளந்த எண்ணமே. அவர்கள் யாரையும் அடித்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. 2009-இல் டோபியாஸ் கிரைட்டமெயர் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பிறருக்கு உதவுவதைப் பற்றிய பாடலைக் கேட்டவர்களிடம் உதவும் எண்ணமும் உதவும் செயலும் கூடின.

பாடலின் எந்தப் பகுதி பாதிக்கிறது என்பதை இன்னோர் ஆய்வு தெளிவாக்குகிறது. ஸ்டீவன் மார்ட்டினோவும் குழுவினரும் 12 முதல் 17 வயது வரையான அமெரிக்க இளையோர் 1,461 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெண்ணை இழிவாகக் காட்டும் பாலியல் வரிகளை அதிகம் கேட்டவர்கள் இளம் வயதிலேயே பாலுறவில் ஈடுபடும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இழிவு இல்லாத பாலியல் வரிகளுக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆகவே பாட்டு எதைப் பற்றியது என்பதைவிட, அதில் வரும் மனிதர்களை எவ்வாறு காட்டுகிறது என்பதே முக்கியமாகிறது.

‘பாட்டு என்னை ஒன்றும் செய்யாது’ என்று பலர் கூறுவதும் ஆராயப்பட்டுள்ளது. ஏட்ரியன் நார்த் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆங்கிலேயக் கடையில் பிரெஞ்சு இசை ஒலித்தபோது பிரெஞ்சு மதுவும், ஜெர்மன் இசை ஒலித்தபோது ஜெர்மன் மதுவும் கூடுதலாக விற்றன. வாங்கியவர்களில் மிகச் சிலரே இசையின் பங்கை ஒப்புக்கொண்டனர். சிறிய தேர்வுகளில் பாட்டின் கை இருப்பது நமக்கே தெரிவதில்லை என்பது இதன் பொருள்.

பின்தொடரும் காதல்

தமிழ்த் திரைப்பாடல் மீது மிகுதியாகக் கூறப்படும் குற்றச்சாட்டு, விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதைக் காதலாகக் காட்டுகிறது என்பதாகும். பல படங்களில் இதன் அமைப்பு ஒன்றே. கதாநாயகி மறுக்கிறாள். கதாநாயகன் நண்பர்களோடு வழிமறித்துப் பாடுகிறான். அவள் முகம் சுளிக்கிறாள். பாட்டின் கடைசிச் சரணத்தில் சிரிக்கிறாள். ‘வேண்டாம்’ என்றால் ‘இன்னும் கொஞ்சம் முயன்று பார்’ என்று பொருள் எனக் கேட்பவர் மனத்தில் பதிகிறது. அவள் கடைசிவரை சிரிக்காமல் இருந்தால் பழி அவள் மேல் விழுகிறது. அடுத்த பாட்டில் நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டே அவளையும் பெண்ணினத்தையும் திட்டுவார்கள்.

தமிழ் மரபு இதை எவ்வாறு நோக்கியது என்பது மாணவர்கள் அறிய வேண்டியதாகும். தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, இருவர் மனமும் ஒத்த அன்பின் ஐந்திணையிலிருந்து விலக்கி வைத்தது. பனை மடலால் குதிரை செய்து ஏறி, ஊரறியத் தன் காதலை அறிவித்துப் பெண்ணைப் பெற முயலும் மடலேறுதலைச் சங்கப் பாடல்கள் பாடியுள்ளன. தலைவன் மடலேறுவேன் என்று கூறுவது வரை ஐந்திணைக்குள் இடம் உண்டு. உண்மையில் ஏறிவிட்டால் அது பெருந்திணை. அதாவது, வற்புறுத்தும் காதல் உலகில் இருப்பதை அக்காலப் புலவர்கள் மறைக்கவில்லை. பாட்டிலும் காட்டினர். ஆனால் அதற்கு வேறு பெயரிட்டு வேறு இடத்தில் வைத்தனர். இன்றைய திரைப்பாடல் பலவற்றில் அந்தப் பிரிவுக்கோடு அழிந்துவிட்டது.

2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பணிக்குச் செல்லக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து, பின்தொடர்வதைப் போற்றும் திரைக்காட்சிகள் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பெரும் விவாதம் எழுந்தது. ஒரு கொலைக்கு ஒரு பாட்டைக் காரணமாகக் காட்ட முடியாது. அப்படிக் காட்டினால் கொன்றவரின் பொறுப்பு குறைந்துபோகும். ஆனால் ஒரு பெண் நாள்தோறும் பின்தொடரப்படும்போது, அதைப் பார்ப்பவர்கள் ‘சின்னப் பையன், காதலிக்கிறான்’ என்று கடந்து செல்வதற்குப் பாட்டு உதவுகிறது. பின்தொடர்பவனைவிட, வேடிக்கை பார்க்கும் தெருவையே அது அதிகம் பழக்கிவைக்கிறது.

இதன் விளைவு பெண்ணின் மேல் விழுகிறது. பெற்றோருக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால், பையனைக் கண்டிப்பதைவிட அவளுக்குச் சீக்கிரம் திருமணம் முடிப்பது எளிது என்று சில குடும்பங்கள் நினைக்கின்றன. பாட்டில் அவனுக்கு நான்கு சரணம் உண்டு. அவள் பயத்துக்கு ஒரு வரியும் இல்லை. வாழ்க்கையைத்தான் காட்டுகிறோம் என்ற வாதம் தடுமாறும் இடம் இது. பையனின் ஏக்கமும் வாழ்க்கைதான், பெண்ணின் பயமும் வாழ்க்கைதான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து இசை சேர்த்து ஆயிரம் முறை ஒலிக்கவிடும்போது, காட்டுதலே ஒரு வகைக் கற்பித்தலாகிவிடுகிறது.

சட்டமும் கட்டுப்பாடும்

சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலால் உயிரிழந்ததைத் தொடர்ந்து 1998-இல் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பின்தொடர்தல் 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகத் தனிக் குற்றமாயிற்று. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. பாட்டில் கதாநாயகன் செய்வதை ஒருவர் தெருவில் செய்தால் அது தண்டனைக்குரியது.

திரைப்படத்தில் இடம்பெறும் பாடலுக்குத் தணிக்கைச் சான்று தேவை. இணையத்தில் தனியாக வெளியாகும் பாடலுக்கு அத்தகைய முன்தணிக்கை இல்லை. 2015 டிசம்பரில் இணையத்தில் பரவிய, ‘பீப் பாடல்’ எனப்பட்ட பாடல் பெண்களை இழிவுபடுத்துவதாகப் போராட்டங்களும் காவல்துறை வழக்குகளும் எழுந்தன. 2023-இல் ‘லியோ’ படப் பாடல் ஒன்று புகையையும் மதுவையும் போற்றுவதாகப் புகார் வந்தபின், அதன் காணொளியில் எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டது.

திருவிழாக்களில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி அளிக்கும்போது, இரட்டைப் பொருள் பாடல்களும், சாதி, மதம், கட்சி ஆகியவற்றைச் சார்ந்த பாடல்களும் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை விதிப்பது வழக்கம். இந்நிபந்தனையில் ஒரு பொது அறிவு உள்ளது. தனியே அறையில் கேட்கும்போது வெறும் பாட்டாக இருப்பது, எதிர்த் தெருவார் முன்னிலையில் கூட்டமாக ஆடிப் பாடும்போது சவாலாக மாறும். ஒரே பாட்டின் விளைவு யார், எங்கே, யாருடன் கேட்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

வீட்டிலும் வகுப்பிலும்

பாட்டைப் பறித்துக்கொள்வதால் பயன் இல்லை என்பதை வானொலி வரலாறு காட்டியது. கண்டுகொள்ளாமல் விட்டாலும் தெரு பழகிப்போகும். இவ்விரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது, பாட்டைக் கேள்வியோடு கேட்கப் பழக்குவதாகும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் பின்வரும் கேள்விகளுக்குத் தாமே விடை காண முடியும்.

- இப்பாட்டில் பேசுபவர் யார்? யாரைப் பற்றிப் பேசுகிறார்?
- பேசப்படுபவருக்குப் பதில் சொல்ல இடம் உள்ளதா?
- பாட்டில் நடப்பது இசை இல்லாமல் நம் தெருவில் நடந்தால் அதற்கு என்ன பெயர்?
- பின்தொடரப்படுபவர் உடன்பிறந்த அக்காவாகவோ தங்கையாகவோ இருந்தால் இதே பாட்டு எவ்வாறு கேட்கும்?
- குடி, சண்டை ஆகியவற்றுக்கு மறுநாள் காலையில் என்ன ஆகிறது என்பது பாட்டில் வருகிறதா?

இக்கேள்விகளைக் கேட்பதால் பாட்டின் இனிமை குறைவதில்லை. மெட்டை ரசித்துக்கொண்டே வரியை மறுக்கலாம். பெரியவர்கள் தங்கள் காலத்துப் பாடல்களையும் இதே கேள்விகளுக்கு உட்படுத்த வேண்டும். கறுப்பு வெள்ளைக் காலப் பாடல்களிலும் பெண்ணைக் கேலி செய்து அடக்கும் காட்சிகள் உண்டு. இன்றைய பாட்டு மட்டுமே கெட்டது என்று கூறினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

முடிவுரை

பாட்டு இல்லாத ஒன்றை உருவாக்குவதில்லை. வாழ்க்கையில் ஏற்கெனவே உள்ளவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இனிமை சேர்த்து, திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. இந்தத் தேர்விலும் திரும்பச் சொல்வதிலும்தான் அதன் செல்வாக்கு அடங்கியுள்ளது. எழுதுபவர் எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டுவிட்டார் என்று கேட்பது கேட்பவர்களின் உரிமை. ஒருவர் செய்யும் தவறுக்கு அவரே பொறுப்பு. அத்தவறைக் காணும்போது தெரு தட்டிக்கேட்கிறதா, தாளம் போடுகிறதா என்பதில் மட்டும் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கை உணர்ந்த பெற்றோரும் ஆசிரியரும் உள்ள ஊரில், பின்தொடரப்பட்ட பெண் வீட்டில் வந்து சொல்வாள். அவள் படிப்பும் நிற்காது.